இடப்பக்கக் கதிரை

துப்பாக்கிப் பரிசோதனை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பிஸ்டலைப் பொருத்தியிருந்த இரும்புச் சட்டத்துக்கு வலது புறம், காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, பரிசோதகர் கொட்பிறி. கதவோரக் கதிரையில், மடியில் படிவத்தோடு, குறிப்பெடுக்கும் விஜயா. பின்சுவரை ஒட்டி, குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே, குற்றம் சாட்டப்பட்டவனின் சட்டத்தரணி அனோஜன். இரும்புச் சட்டத்தின் இடது புறத்திலும் ஒரு ரெக்சின் கதிரை கிடந்தது. அதில் யாரும் இல்லை. ஆனால் விஜயாவின் படிவத்தில் நாலு என்று இலக்கமிட்ட ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை. வந்த நேரம் என்ற கட்டத்தில் மட்டும், மற்ற மூவருக்கும் போலவே, இரண்டு பத்து.

"அதென்ன நாலாவது?" என்றார் கொட்பிறி.

"மூணு பேரா ஒரு காரியத்தைத் தொடங்கக் கூடாது சார். எங்க கரூர் பக்கம் ஒரு கல்லை நாலாவது ஆளா எடுத்துக்குவாங்க. அந்த வரியை அப்புறமா அடிச்சுடறேன்."

"அடிக்கிறதெண்டா பக்கத்தில நான் கையெழுத்துப் போடவேணும்."

"போடுங்களேன். தும்மினாக்கூட தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிற ஆள்தானே நீங்க."

அனோஜன் சிரித்தான். "கல்லுக்கு எங்க போவீங்கள் அக்கா? மல்கிரேவில இந்த ஒஃபிஸ் பார்க் முழுக்கத் தேடினாலும் பிளாஸ்ரிக் புல்லுத்தான்."

விஜயா சுற்றுமுற்றும் பார்த்தாள். சான்றுப்பொருள் தட்டில் சிவப்பு நாடா ஒட்டி முத்திரையிட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதை எடுத்து இடப்பக்கக் கதிரையின் நடுவில் வைத்தாள். "கல்லுக்குப் பதிலா இது. கனமாத்தான் இருக்கு."

கொட்பிறி தடுத்திருக்க வேண்டும். தட்டில் இருப்பது தட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் தாமே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. ஆனால் ஏற்கெனவே நாற்பது நிமிடம் பிந்தியிருந்தது, அவருக்கு முழங்கால் வேறு உளைந்துகொண்டிருந்தது. "சரி, தொடங்குவம்," என்றார்.

குப்பிக்குள் இருந்தது ஒரு குண்டு. மூன்று மாதங்களுக்கு முன்னர் இளங்கீரன் என்பவனின் நெஞ்சிலிருந்து எடுத்தது.

இளங்கீரன் காரின் இடப்பக்கத்தில் இருந்தான். ஓட்டுநர் இருக்கையில் அவனுடைய நண்பன் சிவபாலன். கிளென் வேவர்லி ரயில் நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில், மழையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்த கார். சிவபாலன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவன். இரண்டு தடவை கத்தியைக் கண்டவன். அந்தப் பயத்தில், அனுமதி எதுவும் இல்லாமல், யாரோ ஒருவனிடம் உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை வாங்கி ஆறு மாதமாக இடுப்பில் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். இருக்கைப் பெல்ட்டைக் கழற்றியபோது அது தானாக வெடித்தது என்கிறான் அவன். அன்று பின்னேரம் இரண்டு பேரும் வாய்த்தர்க்கப்பட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், இவன் விசையை இழுத்துத்தான் சுட்டான் என்கிறது அரச தரப்பு. எது உண்மை என்பதைப் பொறுத்துச் சிவபாலன் சில வருடங்களில் வீட்டுக்கு வருவான், அல்லது கிழவனாகி வருவான். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பரிசோதகர் கொட்பிறி. அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: யாரும் விசையை இழுக்காமல் இந்தப் பிஸ்டல் வெடிக்குமா?

மலிவான சாமான். மேற்பாகம் உருக்கில்லை, துத்தநாகக் கலவை. பிள்ளைகளின் பொம்மைக் கார் செய்கிற உலோகம். செய்தவர் பெயர் அராவி அழிக்கப்பட்டிருந்தது. முதல் ஐம்பது தோட்டாவுக்குள் பதினொரு தடவை சிக்கியது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழாமல் வாய்க்குள் நிமிர்ந்து நின்றது. அடுத்த தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு படுத்தது. ஒரு தடவை தோட்டாக்கள் அடுக்கிய மகசின் தானே கழன்று தரையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் கொட்பிறி சொல்லச் சொல்ல விஜயா எழுதினாள்.

"உயிரைக் காப்பாத்த வாங்கின சாமான் இது," என்றான் அனோஜன். "வெடிக்கவேண்டிய நேரம் வெடிக்காது. வெடிக்கக் கூடாத நேரம்..."

"அதைத்தான் தம்பி பாக்கப்போறம்."

இருநூறு தோட்டாக்கள் முடிந்தபோது அறை முழுவதும் கரிமருந்தின் காரம் தொண்டையில் படிகிற அளவுக்கு நிறைந்திருந்தது. காற்றை உறிஞ்சும் விசிறி கூரைக்குள் ஒரே சீராக முனகியது. அந்தக் காரத்துக்கு அடியில், காரத்தை விலக்கிக்கொண்டு வருவது போல, இன்னொரு மணம் மெல்ல எழுந்தது. கொட்பிறி மூக்கைச் சுளித்து இரண்டு தடவை மணந்து பார்த்தார். பைன் மர மணம். கார்க் கண்ணாடியில் தொங்கவிடுகிற பச்சை அட்டையின் மணம். அதோடு நனைந்த துணியின் மணமும்.

"யாரும் சென்ற் பூசியிருக்கிறீங்களோ?"

இருவரும் இல்லையென்று தலையசைத்தார்கள்.

அடுத்தது விழுத்திப் பார்க்கும் சோதனை. இதற்கு முழுத் தோட்டா கிடையாது. குண்டும் மருந்தும் இல்லாத, அடியில் கேப் மட்டும் உள்ள வெறும் கோது. ஊசி அதில் குத்தினால் பொட்டு வெடி மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நிமிர்த்தி விழுத்தினார். கவிழ்த்து விழுத்தினார். பக்கவாட்டில் விழுத்தினார். கார்ப் பெல்ட் ஒன்றை அதன் மேல் இழுத்துச் சுண்டினார். ஐம்பது தடவை. ஒன்றுக்கும் வெடிக்கவில்லை. விழுந்த ஒவ்வொரு தடவையும் இடது புறத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ரெக்சின் அமுங்குகிற சத்தம். முழங்கையை ஊன்றி யாரோ சற்று முன்னுக்குச் சாய்ந்து பார்க்கிறார்கள் போல.

இன்னும் பத்துத் தடவை மிச்சம் இருந்தபோது எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்த கமராவின் அட்டை நிரம்பிவிட்டது.

"புது அட்டை மேசையில இருக்கு. அப்படியே டீ போட்டுக் கொண்டுவர்றேன் சார்," என்று விஜயா எழுந்தாள். அனோஜனும் கூடப் போனான். கதவடியில் நின்று, "அங்கிள், சிவபாலனுக்கு மகள் பிறந்து ஏழு மாசம். உள்ளுக்குப் போன பிறகு ரெண்டு தரம்தான் தூக்கியிருக்கிறார்," என்றான்.

"அது என்ர படிவத்தில இல்லை தம்பி."

கனத்த கதவு மூடியது. வெளிச் சத்தம் எல்லாம் அறுந்தது.

ஆட்கள் வெளியே போகும்போது பிஸ்டலுக்குள் எதுவும் இருக்கக் கூடாது. அதுவும் சுவரில் ஒட்டியிருந்தது. ஐம்பத்தோராவது சோதனைக்கான கோதை அவர் ஏற்கெனவே உள்ளே ஏற்றியிருந்தார். ஐந்து நிமிடத்துக்காக அதை இறக்கி மறுபடி ஏற்றவேண்டுமா என்று நினைத்தார். பிஸ்டலை மணல்மூட்டையின் மேல் வைத்தார். அதன் வாய் இடப்பக்கம் பார்த்துக் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. இரண்டடி விலகி நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அறை பனிமூட்டம் போல இருந்தது. அந்த மங்கலில் இடப்பக்கக் கதிரை மற்றக் கதிரைகளை விட இருளாகத் தெரிந்தது. உயரமாகவும் தெரிந்தது.

ரெக்சின் அமுங்கியது.

பைன் மணம்.

மூச்சு. இழுத்து, பிடித்து, விடாத மூச்சு.

டப்.

அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். பிஸ்டல் வைத்த இடத்திலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. மேற்பாகத்தை இழுத்துக் கோதை எடுத்தார். கேப்பின் நடுவில் ஊசி குத்திய பள்ளம், ஊசிமுனை அளவுக்குத் தெளிவாக. தானாகக் குத்தியிருந்தது. கேட்கப்பட்ட கேள்விக்கு மறுமொழி அவருடைய உள்ளங்கையில் இளஞ்சூடாக இருந்தது.

பிறகுதான் கதிரையைப் பார்த்தார். யாரும் இல்லை. ரெக்சினில் ஒரு பள்ளம் மட்டும் மெல்ல மெல்ல மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் குப்பி. சிவப்பு நாடா கிழியவில்லை. முத்திரை உடையவில்லை.

உள்ளே இரண்டு குண்டுகள்.

ஒன்று பழையது, நசுங்கிக் கறுத்தது. மற்றதும் நசுங்கியிருந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடியின் உட்புறம் ஈரமாக இருந்தது. சிவப்பாக.

காலடிச் சத்தம். கதவின் கைபிடி திரும்பியது. என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததில்லை; கை தானாகச் செய்தது. கோது சட்டைப்பைக்குள் போனது. குப்பி தட்டிலிருந்த கடதாசிப் பைக்குள் போனது.

"என்ன சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒண்டுமில்லை. விசிறி சரியா இழுக்குதில்லை."

புது அட்டையைப் போட்டார்கள். வேறொரு கோதோடு மிச்சப் பத்தும் நடந்தது. விழுந்தது, விழுந்தது, விழுந்தது. ஒன்றும் இல்லை.

அனோஜன் குனிந்து பிஸ்டலைப் பார்த்தான். "ஒருக்காக் கூட இல்லையோ அங்கிள்?"

சட்டைப்பையில் இருந்த சின்னப் பித்தளை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. சொல்லலாம். சொன்னால், கேப் உள்ள கோதை ஏற்றிவிட்டு ஆட்களை வெளியே விட்டது யார் என்று கேட்பார்கள். கமரா ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். குப்பியைத் தட்டிலிருந்து எடுக்க விட்டது யார் என்று கேட்பார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் நீதிமன்றத்துக்கு எழுதிய முடிவுக் கடிதம் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. இனி அத்தனை கடிதத்தையும் திறந்து பார்ப்பார்கள்.

"கமராவில இருக்கிறதுதான் தம்பி நடந்தது," என்றார்.

ஐந்து மணிக்கு இருவரும் போய்விட்டார்கள். பிஸ்டலையும் குப்பி இருந்த பையையும் முத்திரையிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மேசையில் இருந்து நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். மின்னஞ்சலில் பிரதி போனாலும் கையொப்பமிட்ட கடிதம் தபாலில் போகவேண்டும் என்பது அவருடைய பழக்கம். கேட்கப்பட்ட கேள்வி. செய்த சோதனைகள். அறுபது தடவை, வெடிக்கவில்லை. முடிவு: யாரும் விசையை இழுக்காமல் இந்தப் பிஸ்டல் வெடிக்காது. முழுப் பெயர், திகதி, கையெழுத்து.

இணைப்பதற்காகப் படிவத்தை எடுத்தார். நாலாவது வரியை விஜயா அடிக்க மறந்திருந்தாள். கொட்பிறி, வந்தது இரண்டு பத்து, வெளியேறியது நாலு ஐம்பத்தைந்து. விஜயா, அதே. அனோஜன், அதே. நாலாவது, வந்தது இரண்டு பத்து.

வெளியேறிய நேரம் இல்லை.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மை ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால், பூட்டிய பரிசோதனை அறைக்குள், ரெக்சின் எழும்பியது. யாரோ எழுந்து நிற்கும்போது எழும்புவது போல.

உறையை ஒட்டினார். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். விளக்கை அணைக்காமல் வெளியே வந்தார்.

கார் நிறுத்துமிடம் இருண்டிருந்தது. மழை தூறத் தொடங்கியிருந்தது. உறையை இடப்பக்க இருக்கையில் வைத்துக் காரைக் கிளப்பினார்.

டிங். டிங். டிங்.

முகப்பில் சிவப்பு விளக்கு. இடப்பக்க இருக்கையில் பெல்ட் போடாத ஆள். உறையின் பாரமாக்கும் என்று அதை எடுத்து மடியில் வைத்தார். ஒரு கடிதத்தின் பாரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். மணி நிற்கவில்லை. பாதை முழுவதும் அடித்தது. அவர் இடப்பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடிகள் உள்ளிருந்து புகார் படர்ந்து மங்கின. பைன் மணம். அவருடைய காரில் அப்படி ஒன்று தொங்கவில்லை.

தெருவோரத்துச் சிவப்புத் தபால் பெட்டியடியில் நிறுத்தினார். இறங்கினார். மழையில் நின்றார். உறையைக் கிழிக்கலாம். கோது பையில்தான் இருக்கிறது. இப்போதே அனோஜனை அழைக்கலாம். ஏழு மாதப் பிள்ளை. பத்தொன்பது வருடம்.

கையை விட்டார். மற்றக் கடிதங்களின் மேல் அது விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பி வந்து காருக்குள் ஏறினார். கதவைச் சாத்தினார். பெல்ட்டைப் போட்டார்.

டிங். டிங்.

இடது புறத்தில் இன்னொரு பெல்ட் இழுபட்டது. மெதுவாக. முழு நீளத்துக்கும்.

கிளிக்.

மணி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கொட்பிறியின் விரல்கள் சட்டைப்பைக்குள் போயின. கோது இல்லை. துணியின் மூலை வரை தேடினார். இல்லை.

இடுப்பில் ஏதோ குளிர்ந்தது. பெல்ட்டுக்கு அடியில். எலும்போடு ஒட்டி. உள்ளங்கை அளவு. வாய் இடப்பக்கம்.

இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். விரல்களை விரித்து. பார்க்கிறவர்கள் பார்க்கும்படி. தெருவில் யாரும் இல்லை.

இடது புறத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிடித்தார்கள்.

பெல்ட்டுக்கு அடியில், யாரும் தொடாமல், விசை மெல்லப் பின்னுக்கு அசையத் தொடங்கியது.