வால்நட்சத்திரம் வந்த வாரம்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேலம்பாளையத்தில் எம்பிராய்டரி மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கும் சின்னக் கடை அது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சண்முகப்பிரியா டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவன் உள்ளே வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். நெஞ்சோடு அணைத்திருந்த மூட்டை மட்டும் நனையவில்லை... தான் போட வேண்டிய மழைக்கோட்டை அதற்குப் போர்த்தியிருந்தான்.

“ஏனுங்க, மெக்கானிக் இல்லீங்களா?”

“இருக்காங்க. சொல்லுங்க.”

“கொஞ்சம் கூப்பிடுங்களேன்... அவசரமுங்க.”

“கூப்பிட்டாச்சு, வந்தாச்சு, டீயும் குடிச்சுட்டிருக்காங்க. சொல்லுங்க.”

அவன் விழித்தான். இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. ‘கண்ணு மட்டும் எதுக்கு இவ்வளவு பெருசா இருக்குது...’ என்று நினைத்தவள், நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க... வெளிய வேல்குமார்னு பேர் போட்டிருந்துச்சு...”

“அது எங்க அண்ணனுங்க. ஆர்டர் புடிக்கறது அவரு. சால்டரிங் அயர்ன் புடிக்கறது நானு.”

மூட்டையைப் பிரித்தான். மழைக்கோட்டுக்குள் பனியன் வேஸ்ட் துணி, அதற்குள் கனமான ஒரு வெள்ளை இரும்புச் சாமான்.

“இது எந்த மெஷின் மோட்டாருங்க?”

“டெலஸ்கோப்பைத் தாங்கற மவுண்டுங்க. உள்ள கம்ப்யூட்டர் இருக்குது. நட்சத்திரத்தோட பேரைக் குடுத்தா அதுவே திரும்பிக் காட்டும். வானம் நகர நகரக் கூடவே நகரும்... அப்பத்தான் போட்டோ இழுவாம விழும்.”

“காட்டுதுங்களா?”

“நிலாவைக் காட்டச் சொன்னா தண்ணித் தொட்டியைக் காட்டுதுங்க.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான்... இமைத்துளி விழுந்தது.

பெயர் மகுடேஸ்வரன். மங்கலத்துக்காரன். வீட்டில் தறிகள் ஓடின. இவனுக்கோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் வேலை. ஏன் தறிப்பக்கம் போகவில்லை என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் தொட்டா எதுவும் வெளங்காதுங்க. பதினஞ்சு வயசுல ஒரு தறியை உடைச்சுப் போட்டேன். அதுல இருந்து எங்கப்பா, ‘நீ எதுலயும் கை வெக்காதடா’ம்பாரு. எதுலயும் வெக்கறதில்லை... இது ஒண்ணைத் தவிர.”

பல்சக்கரத்தைப் பிடித்திருந்த ஒரு பொடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதை இறுக்கினாள். மறுநாள் மழை விட்ட சாயங்காலம் கடையின் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தார்கள். நிலாவைக் கேட்டால் அப்போதும் தண்ணீர்த் தொட்டிதான்! அவள் மவுண்டின் ரிமோட்டை வாங்கி, அவன் பதிந்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். தேதி சரி. நேரம் சரி.

“ஊரோட தீர்க்கரேகையில கிழக்குன்னு போடறதுக்கு மேற்குன்னு போட்டிருக்கீங்க. திருப்பூர் எப்பங்க அமெரிக்காவுக்குப் போச்சு?”

“எக்ஸ்போர்ட் ஊரல்லீங்களா... ஊரையே ஏத்துமதி பண்ணிட்டாங்களாட்ட இருக்குது.”

மாற்றினாள். மோட்டார் உறுமிக்கொண்டே திரும்பியது. நிலா வந்தது. பிறகு சனி வந்தது... கறுப்புத் துணியில் ஒட்டிய பொட்டு மாதிரி. சுற்றிலும் மெல்லிய கோடாய் ஒரு வளையம். அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

“என்னுங்க, சனியை இவ்வளவு ஆசையாப் பாக்கறீங்க? ஏழரை நடக்குதுங்களா?”

“இத்தனை நாள் இல்லீங்க. நேத்து மழையிலதான் நனைஞ்சுட்டு வந்துச்சு...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை அவனுக்கு ஏதாவது ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வராத நாட்களில் அவள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஐப்பசியில்தான் வால்நட்சத்திரம் வந்தது. மேற்கே, சூரியன் இறங்கியதும் ஒரு மணி நேரம் மட்டும் தெரியும். பத்து நாளில் மங்கிப் போய்விடும்.

“இனி நம்ம ஆயுசுல வராதுங்க. இதைப் புடிக்கத்தான் ரெண்டு வருசமாச் சேத்து வச்சு மவுண்டே வாங்குனேன்.”

சின்னக் குறை ஒன்று இருந்தது. மவுண்டுக்குக் கரண்டு போகும் கேபிளின் பிளக் ஆடியது. அசைந்தால் போதும், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து கேட்கும். “நான் புதுசாப் பண்ணித் தர்றனுங்க” என்றாள். அன்று மத்தியானமே பண்ணினாள். ஒயரைப் பற்ற வைக்கும்போது அவன் கண்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே பற்ற வைத்தாள். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கொடுத்த ஒரே கேபிள் அது.

ஐந்து நாள் மேகம். ஆறாவது நாள் வானம் திறந்தது. ‘சர்வீஸ் கால்’ என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் சாமளாபுரம் குளக்கரைக்குப் போனாள். அவன் முன்னமே வந்து எல்லாம் மாட்டியிருந்தான். தண்ணீருக்கு அப்பால் செம்மை கரைந்துகொண்டிருந்தது.

“பாருங்க... பாருங்க... அங்க!”

அவன் நீட்டிய விரலுக்கு நேராக, யாரோ ஒற்றைச் சுண்ணாம்பு விரலால் மேலே இழுத்துவிட்டது போல அது நின்றது. அவன் அவசர அவசரமாகப் பேட்டரியில் கிளிப்புகளை மாட்டி சுவிட்சைப் போட்டான்.

‘டிக்’கென்று ஒரு சத்தம். கருகிய வாடை.

அவன் பதறிப்போய் கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்தான். மறுபடி மாட்டினான்... மவுண்டு அசையவில்லை. ரிமோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

“மாத்திக் குடுத்துட்டேன்... பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துட்டேன் போலிருக்குதுங்க...”

அவன் மாற்றவில்லை. சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு... அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியானால் மாறியிருப்பது கேபிளுக்குள். அவள் கையால்.

‘சொல்லு... இப்பவே சொல்லு.’ உதடு பிரியவில்லை. இத்தனை நாள் அவளை அதிசயமாகப் பார்த்த கண்கள், அந்த ஒரு நொடியில் வேறு மாதிரி ஆகிவிடுமே... அந்தப் பயம்.

“போர்டை வேணும்னா... கழட்டிப் பாக்கட்டுங்களா?” என்றாள் மெதுவாக.

“வேண்டாங்க. வெந்து போயிருச்சு. என் கை அப்படி.”

அவன் வேண்டாம் என்றபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் அறுத்தது அந்த நிம்மதிதான்.

நகராத மவுண்டின் மேல் இருந்த கேமராவில் அவன் எடுத்ததெல்லாம் இழுவிய வெள்ளைக் கோடுகள். கடைசியில் கேமராவை அணைத்துவிட்டு, வால்நட்சத்திரம் மறையும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளும் நின்றாள். மறுநாள் மேகம் மூடியது. மேகம் விலகியபோது மேற்கே எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவன் கடைப்பக்கம் வரவில்லை. நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தீபாவளி போகட்டும் என்று நினைத்தாள். கார்த்திகையும் மார்கழியும் போயின.

தை பிறந்து ஒரு வாரம். பல்லடத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நாச்சிமுத்து என்பவர் கடை மேஜையில் ஒரு பெட்டியை வைத்துத் திறந்தார். அதே வெள்ளை மவுண்டு. பக்கத்தில் சுருட்டி வைத்த அவளுடைய கேபிள்.

“செகண்ட்ஹேண்டுல வாங்குனதுங்க. வித்தவரு நல்ல மனுசன். ‘கோளாறு மெஷின்ல இல்லீங்க, என் கையிலதான். இனிமே எதையும் தொட மாட்டேன்’னு சொல்லித்தான் குடுத்தாரு. சரி பண்ண முடியுமுங்களா?”

அவர் போனதும் கேபிளை ஒரு பேட்டரியில் மாட்டி, மறுமுனையில் மீட்டரை வைத்தாள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி... உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. போர்டைத் திறந்தாள். வெந்து போனது அரிசி அளவு டயோடு ஒன்றுதான். மாற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. இந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கே கொடுத்திருந்தால்... சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு, வேலை பார்க்கும் மேஜையில் தலை சாய்த்து அழுதாள்.

சாயங்கால டீ நேரத்துக்கு அவன் கம்பெனி வாசலில் நின்றாள். தமிழும் இந்தியுமாக ஆட்கள் பேக்கரியை மொய்த்தார்கள். அவன் வந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அடுத்த கணமே சுருங்கியது.

“ஒண்ணு சொல்லோணுமுங்க. முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க... பேசுனா எனக்குத் தைரியம் போயிரும்.”

பேக்கரி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கேபிள், மீட்டர், சிவப்பு, கறுப்பு, டயோடு என்று எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெருகேற்றவில்லை.

அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான்.

“அப்ப... நான் இல்லீங்களா?”

“நீங்க இல்லீங்க.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டான். “ஊட்டுல ஒரு பல்பு மாத்தக்கூட நான் ஏணியில ஏறலீங்க, இந்த மூணு மாசமா. எங்கப்பா சொன்னதை நானே நம்பிட்டேன்... பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தீங்களே. ஏனுங்க சொல்லலை?”

“வேற யாரா இருந்தாலும் அங்கயே சொல்லியிருப்பனுங்க. நீங்க என்னையப் பாத்த பார்வை போயிருமோன்னு... உங்களை அவ்வளவு புடிச்சுப் போச்சுங்க. புடிச்சவங்களுக்கு ஆராவது இப்படிச் செய்வாங்களா? நான் செஞ்சுட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரலீங்க. உங்க கையில ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன்.”

உள்ளே மணி அடித்தது. கும்பல் கலைந்து கேட்டுக்குள் போனது. அவளும் எழுந்தாள்.

அவன் எழவில்லை.

“கோவமா இருக்குதுங்க எனக்கு. சீக்கிரம் தீராது.”

“தீர வேண்டாமுங்க.”

“அன்னைக்குப் படம் எடுத்து முடிச்சதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம்னு இருந்தேன். ராத்திரியெல்லாம் தூங்காம வார்த்தை சேத்து வச்சிருந்தேன்... அது இப்ப ஒண்ணுகூட ஞாபகமில்லை.” நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள் நிறைந்திருந்தன. “வால்நட்சத்திரம் போனதுக்கு ஒரு வாரந்தானுங்க அழுதேன். அதுக்கப்புறமெல்லாம் உங்க கடைக்கு வரக் காரணம் இல்லாமப் போச்சேன்னுதான்...”

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“காரணமில்லாமயே வந்திருக்கலாமுங்கல்ல...”

“நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்கல்ல...”

அவன் பேக்கரிக்காரரைப் பார்த்து, “அண்ணா, ரெண்டு டீ” என்றான்.