ஏறிப்போன சிவப்புக் கோடு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தண்ணீர் எப்போது வெள்ளமாகிறது என்ற பழைய சந்தேகத்தை இந்த நகரம் சட்டம் போட்டே தீர்த்துவிட்டது. மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண், அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெள்ளம். மதகுக்காரர் அபாயச் சங்கை ஒலிக்க வேண்டும்; ஒலிக்காவிட்டால் ஜெயில். தொடாவிட்டால் அது வெறும் தண்ணீர். ஒருமுறை சங்கு ஒலித்துவிட்டாலோ, கரையோரத் தெருவில் புது மாடி எதுவும் செல்லாது. இத்தனை தெளிவான சட்டத்தைத் தண்ணீர் படிக்கவில்லை.

அந்தச் சட்டப்படி ஜெயிலுக்குப் போகவிருந்த மதகுக்காரரின் மனைவி, சர்வேயர் வீட்டுக் கூடத்தில் உட்காராமல் நின்றாள். சர்வேயர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதங்களை அளந்து ஓய்வு பெற்றவர். அருகே அவருடைய மாப்பிள்ளை, கட்சிக்காரர் கிடைக்காத வக்கீல்.

"தெருவுக்குள்ள தண்ணி வந்த ராத்திரி அது கோட்டைத் தொடவே இல்லைன்னு எங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்றாருங்க. தெருச் சங்கத் தலைவர், இவரு சங்கு ஊதாம தூங்கிட்டாருன்னு புகார் கொடுத்திருக்காரு. நாளைக்கு விசாரணைங்க."

"தெருவில எல்லார் வீட்லயும் முழங்கால் தண்ணி வந்திருக்கு. கோடு வாசப்படிக்கு ஒரு முழம் கீழ. தொடாம எப்படிம்மா உள்ள வரும்?" என்றார் மாப்பிள்ளை. "ஆள் தூங்கிட்டார் மாமா. கேஸ் முடிஞ்சுது."

"முடிச்சிட்டீங்க, சந்தோஷம். தூணையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம், வாங்க மாப்பிள்ளை."

தூணில் வண்டல் படிந்த தடம், கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நின்றிருந்தது. சர்வேயர் கைக்குட்டையால் வண்டலைத் துடைத்தார். தூணின் வெள்ளைப் பூச்சு எங்கும் மஞ்சளாகியிருக்க, கோட்டுக்குக் கீழே ஓரிடத்தில் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். பிறகு கரையோரத் தெருவைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு புது மாடி.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வேலைக்குச் சேர்ந்தார்?"

"இந்த மழைக்குத்தாங்க. பழைய ஆள் கோடையிலேயே ஓய்வாயிட்டாரு."

மாலையில் தெரு முழுவதும் தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடியது. சுவரில் சேற்றுத் தடம் அப்படியே இருந்தது.

"தெருவின் சார்பில் தங்களை வரவேற்பதில்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"வரவேற்பு இருக்கட்டும், உட்காருங்க. மதகுக்காரர் சொன்னது நிஜம். தண்ணி கோட்டைத் தொடல. வாசப்படிக்குக் கீழ இருந்த கோடு இப்ப உங்க ஜன்னல் மட்டத்துல இருக்கு. பழைய கோடு வெள்ளைப் பூச்சுக்கு அடியில பத்திரமா இருக்கு. என் நகத்துல கொஞ்சம் இருக்கு பாருங்க. பழைய ஆள் போய் புது ஆள் வர்றதுக்குள்ள யாரோ ஏத்திட்டாங்க. தண்ணி கோட்டைத் தொடாம இருந்தா யாருக்கு லாபம்?"

மாப்பிள்ளை பரபரப்பாக எழுந்தார். "புது மாடி கட்டினவருக்கு, மாமா. அது யாருன்னு..." கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் போர்வைக்குள் இருந்த தலைவரின் தாயார்தான் பேசினார்.

"தெருவுல இடுப்புத் தண்ணியில என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தது அந்த மதகுக்காரப் பையன்தான்டா. நீ மாடியில இருந்து டார்ச் அடிச்சே."

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எல்லாரும் சேர்ந்துதாங்க செஞ்சோம். நான் ஏணியைப் பிடிச்சேன். கோடுதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு..." தாயாரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "அவன் தூங்கலைன்னு எனக்குத் தெரியுங்க. இருந்தாலும் எங்க மேல வராம இருக்க, தூங்கிட்டான்னு எழுதிட்டேன்."

"நாளைக்கு வந்து சொல்லுவீங்களா? கோட்டை ஏத்தினது தெரிஞ்சா மாடி போயிடும்."

"போகட்டுங்க. சோறு இறங்கல."

மறுநாள் தெருவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டது. விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கோட்டை வருஷாவருஷம் சரிபார்க்க வேண்டியவர் யார் என்று மாப்பிள்ளை இடையில் கேட்டுவைத்தார். அது அதே அதிகாரிதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: தூணில் இருக்கும் கோடே கோடு. தண்ணீர் அதைத் தொடவில்லை. மதகுக்காரர் மீது குற்றமில்லை. மாடிகள் செல்லும். மதகுக்காரர் உட்பட எவர் வீட்டுக்கும் நிவாரணம் இல்லை, ஏனென்றால் அன்று வெள்ளம் வரவில்லை.