இடது உதட்டோரம்

வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்று 'முகச்சீரமைப்பு மையம்' ஆகியிருந்தது. சுவரெங்கும் சட்டமிட்ட சான்றிதழ்கள். பெரும்பாலும் பயிலரங்குகளில் மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்ததற்கானவை. நடுவில் டாக்டர் ரிஜினின் ஆளுயரப் படம். மடித்தால் பாதியோடு பாதி பொருந்திவிடும் முகம்.

செல்வலட்சுமி சிரித்தால் இடது உதட்டோரம் மட்டும் மேலேறும். ரிசார்ட்டில் வரவேற்பு வேலை தருவதாகச் சொன்னவர்கள், அதைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

"எல்லா முகமும் கொஞ்சம் கோணல்தான்," என்றார் டாக்டர், தன்னைத் தவிர என்ற பாவனையில். "ஒரு பக்கமாவே மெல்றது, படுக்கிறது, பிறவி அமைப்பு... உங்களுக்கு ஒரு தசை அதிகமா இழுக்குது. கத்தி வேண்டாம். ஊசி போட்டா அடங்கிடும்."

"அவ அப்பா சிரிப்பு சாரே அது," என்றாள் தாய் பூமாரி. "அந்த மனுசன் செத்துப்போனபொறவு வீட்ல மிஞ்சினது அதான்."

"சும்மா இரும்மா. இந்த வேலையும் போச்சுன்னா நானும் உன்கூட கொழுந்து கிள்ளத்தான் வரணும்."

கோணலை விளக்க, டாக்டர் அவளைப் படமெடுத்தார். முகத்தின் இடப்பாதியைப் புரட்டி ஒட்டி, கணினியில் முழு முகமாக்கினார்.

திரையில் ஓர் ஆண் சிரித்தான்.

பூமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருதான்."

"கம்ப்யூட்டர் கோளாறு." டாக்டர் திரையை அணைத்தார்.

மூடுபனி சன்னலை அடைத்தது. அறையில் ஸ்பிரிட் நெடி. அதற்கடியில், மெல்ல, இன்னொன்று.

"யாரு இங்க பீடி பிடிக்கிறது?"

"அவருக்கு அது இல்லாம ஆகாது சாரே," பூமாரி கிசுகிசுத்தாள்.

ஊசி இறங்கியது. வெகுநாளாகக் கன்னத்தில் இருந்த கையை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் செல்வலட்சுமிக்குக் குளிர்ந்தது.

"மருந்து பிடிக்கச் சில நாளாகும்," என்றார் டாக்டர்.

உதடு அப்போதே இறங்கிவிட்டது.

அணைத்த திரையில் டாக்டரின் முகம் தெரிந்தது. அதில் ஓர் உதட்டோரம் ஏறியிருந்தது.

தேய்த்தார். இறங்கவில்லை.

தனக்கே ஊசி போட்டுக்கொண்டார்.

இன்னும் ஏறியது.

இப்போது அவர் முகக்கவசமில்லாமல் வெளியே வருவதில்லை. நோயாளிகள் அதைச் சுத்தம் என்று மெச்சுகிறார்கள். செல்வலட்சுமி விருந்தினர்களைப் பார்த்து நேராகச் சிரிக்கிறாள்.

பேருந்து நிறுத்தத்தில் டாக்டரின் பழைய விளம்பரப் பலகை நிற்கிறது. வேலைக்குப் போகும் பூமாரி அதனடியில் வந்து நின்றால், படத்தின் இடது உதட்டோரம் ஏறும்.

நேற்று மகளையும் அழைத்து வந்தாள்.

பலகை சிரிக்கவில்லை.

"நம்ம புள்ளதாங்க," என்றாள் பூமாரி, மெதுவாக.

பீடி வாசனை செல்வலட்சுமியின் முகத்தருகே வந்து, சற்றே தயங்கி, விலகிப் போனது.