கல்லூத்துக் குகையில் இரண்டு பொட்டலம்

"குனிங்க மேடம்! மண்டையைப் பேத்துடும்!" என்று கத்தினாள் பொம்மி. தமயந்தி குனிவதற்குள் பாறை அவள் தலைக்கவசத்தில் 'டங்' என்று மோதியது. கல்லூத்துக் குகையின் வரவேற்பு அப்படி!

வந்தவர்கள் மூன்றே பேர். ஆராய்ச்சிக்காரி தமயந்தி, காந்தத்தை முதுகில் சுமந்த அவள் நண்பன் ஸ்டீபன், வழிகாட்ட வந்த மலையூர்க்காரி பொம்மி. அவர்கள் தேடி வந்த புதையல் குகைக்குள் இருக்கும் சுனை. கோடையில் ஊருக்கு மிஞ்சிய ஒரே தண்ணீர் அதுதான். பாழாய்ப்போன பாறையிலிருந்து அதில் யுரேனியம் கரைந்திருந்தது. ஒரு பானைத் தண்ணீரையாவது இன்று சுத்தம் செய்து காட்டினால் அரசாங்கம் சுத்திகரிப்புத் தொட்டி கட்டித் தரும். இல்லாவிட்டால் நாற்பது வீடும் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். வெளியே டிராக்டரில் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊர்ந்தும் தவழ்ந்தும் சுனையை அடைந்தார்கள். பொம்மி வழக்கம்போல தண்ணீர் தெளிவதற்காக மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசப் போனாள்.

"ஐயோ, எதையும் கலக்காதே!" என்று தடுத்தாள் தமயந்தி. சோதனைக்கூடத்துப் பழக்கம் குகைக்குள்ளும் அவளை விடவில்லை.

கையில் இருந்தது நானோ இரும்புத் தூள், இரண்டே பொட்டலம். தண்ணீரில் கலந்தால் அந்த நுண்துகள்கள் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தத்தை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓரம் ஒதுங்கும். முதல் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கிக் காத்திருந்தார்கள். ஸ்டீபன் காந்தத்தை வைத்தான். லிட்டருக்கு நூற்றுத் தொண்ணூறு மைக்ரோகிராம் யுரேனியம் காட்டிய கருவி நூற்று எண்பதுக்கு இறங்கி நின்றுவிட்டது! முப்பதுக்குள் வந்தாக வேண்டும்.

தமயந்திக்கு அழுகையே வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரே கலங்கல். தூள் முழுக்கச் சேற்றில் ஒட்டிக் கிடந்தது. சோதனைக்கூடத்துத் தண்ணீரில் சேறு ஏது?

"பொம்மி, அந்தக் கொட்டை இருக்கா?"

"இருக்காம எங்க போவும்? நீங்கதான வேணாம்னீங்க!"

பொம்மி வேறு பானையில் கொட்டையை உரசி, தண்ணீர் மொண்டு வைத்தாள். அரைமணியில் சேறு அடியில் தங்கியது. தெளிவை இறுத்துக் கடைசிப் பொட்டலத்தைப் போட்டார்கள். ஸ்டீபன் மறுபடியும் காந்தத்தை வைத்தான். தொண்ணூறு... நாற்பது... பன்னிரண்டு!

"ஹோய்!" என்று ஸ்டீபன் போட்ட கூச்சலில் வௌவால்கள் பறந்தன. பயன்படுத்திய தூளைத் தகர டப்பாவில் பூட்டிப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். செய்முறையின் முதல் வரியில் பொம்மியின் கொட்டையை எழுதும்போது தமயந்திக்கு வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டுத் தடுத்திருக்கலாம்.

பொம்மி அதற்குள் குகை வாசலுக்கு ஓடிவிட்டாள். மலையே அதிரக் கத்தினாள்.

"ஏய்! என் அம்மிக்கல்ல எறக்குங்கடா! நாம எங்கயும் போவல!"