குளிர்ந்த இன்ஜின்

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே நின்ற மோட்டார் சைக்கிளைத்தான் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. முத்தாபுதுப்பேட்டையில் கோவிந்தன் வீட்டை ஒட்டிய ஷெட். பூட்டைத் திறந்துவிட்ட கோவிந்தன் காலியான இடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் மகள் பானுப்பிரியாதான் அவருக்கும் சேர்த்துப் பேசினாள். வண்டி விற்கிற நாளாயிற்றே என்று அயனம்பாக்கத்திலிருந்து விடிகாலையிலேயே வந்திருந்தாள்.

வாங்க வந்தவள் வனஜா. அம்பத்தூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் என்றால் விலையைக் குறைப்பார்கள், கூடவே உண்மையையும் குறைத்துவிடுவார்கள். நாற்பத்தோரு வயதில் காட்டுப் பாதையில் வண்டி ஓட்ட என்ன ஆசை என்று கேட்க அவள் வீட்டில் ஆள் கிடையாது. ஆசைக்குக் காரணமே அதுதான். டியூட்டி நாட்களில் திட்டவாவது நாலு பேர் இருப்பார்கள். ஞாயிறு வந்தால் முகப்பேர் ஃபிளாட்டில் அவளும் டிவியும்தான்.

ஒரு வாரமாக அந்த வண்டியின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டில் கல் பட்ட கீறல் உண்டு, நெளிவு இல்லை. டயரின் பள்ளங்களில் காய்ந்த செம்மண்கூட அப்படியே இருந்தது. காட்டில் ஓடிய வண்டி அப்படித்தான் இருக்கும். புதுப்பெண் மாதிரி பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நேற்று மதியம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். இன்ஜின் ஜில்லுனு இருக்கணும்." பழைய வண்டி வாங்குகிறவர்களின் முதல் பாடம் அது. முன்கூட்டியே சூடேற்றி வைத்த இன்ஜின் தன் கோளாறையெல்லாம் மறைத்துக்கொண்டு சிரிக்கும். மறுமுனையில் கோவிந்தன், "ஸ்டார்ட்டே பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். அப்புறம், "சரிம்மா" என்றார்.

"ஷெட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு அப்பா இடுப்புல கீது. இன்னொண்ணு இவங்கிட்ட," என்று பானுப்பிரியா கைநீட்டினாள். "இதுக்கு மேல இன்னா கேக்கணும்? ஸ்டேஷனுக்குப் போன் போடறேன்."

கைநீட்டப்பட்டவன் ஜீவா. அந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் தெருமுனை மெக்கானிக். சாவியோடு வா என்று பானுப்பிரியா போட்ட போனுக்கு ஓடிவந்தவன். அடுத்த மாதம் மஸ்கட்டில் வேலைக்குச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை இந்த வாரம்தான். இந்த நேரத்தில் ஒரு திருட்டுப் புகாரில் பெயர் ஏறினால் மஸ்கட்டாவது மண்ணாங்கட்டியாவது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோவிந்தனுக்கும் தெரியும்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க," என்றாள் வனஜா. "நானும் போலீஸ்தான்." அடையாள அட்டையைக் காட்டினாள். பானுப்பிரியாவின் போன் இறங்கியது.

முதலில் கோவிந்தன்.

"கடைசியா வண்டிய எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"வண்டிச் சாவி?"

"வண்டியிலயே தொங்கும்மா."

"ஓட்டறது யாரு?"

"யாரும் ஓட்டல. என் புள்ள ஸ்ரீராமு ஜெர்மனி போனதுலேர்ந்து சும்மாதான் நின்னுகினு கீது. போன தீவாளிக்கு முன்னால போனான். வித்துடுப்பான்னு போன்ல சொல்லிட்டான்."

அடுத்து ஜீவா.

"நீ எப்ப ஷெட்டத் தொறந்த?"

"போன மாசம் மேடம். புது பேட்டரி போட."

"சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குப் புது பேட்டரி?"

ஜீவா கோவிந்தனைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான். "பழசு செத்துப்போச்சி மேடம்."

"ராத்திரி எங்க இருந்த?"

"ஊட்டுலதான். தனியா."

எதிர்வீட்டுப் பூங்காவனம் பால் பாக்கெட்டோடு வந்து நின்றாள். கேட்காமலே சாட்சி சொல்ல வந்த முகம். "தெனம் சாயங்காலம் ஆறு மணியானா இந்த வண்டி சத்தம் கேக்கும்மா. அத்த வச்சித்தான் நான் வெளக்கேத்துவேன். நேத்து ஒரு நாள்தான் கேக்கல. சாமிக்கு வெளக்கு வெக்கவே மறந்துட்டேன்."

"பாத்தீங்களா?" என்றாள் பானுப்பிரியா. "தெனம் எடுத்து ஓட்டிகினு இருந்துகீறான்."

ஜீவா அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. திருடன் என்றால் இத்தனை நேரத்தில் மூன்று சத்தியமாவது செய்திருப்பான். வனஜாவுக்கு அது உறுத்தியது.

ஷெட்டுக்குள் போனாள். சுண்ணாம்புச் சுவரில், முழங்காலுக்கு மேலே, தட்டு அளவுக்குக் கருப்பாக ஒரு கறை.

"சுண்ணாம்பு எப்ப அடிச்சீங்க?"

"பொங்கலுக்கு," என்றார் கோவிந்தன்.

வெளியே வந்தாள். வீட்டு வாசலில் இரண்டு படி. படி ஓரத்தில், மழைக்காலத்தில் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றப் போடுவார்களே, அந்த மாதிரிப் பலகை ஒன்று கிடந்தது. அதன் மேல் சின்னச் சின்னக் கட்டியாகச் செம்மண். அந்தத் தெரு மண் சாம்பல் நிறம்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா சார்?"

உள்ளே நுழைந்ததும் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. கூடத்தை ஒட்டிய அறை பூட்டியிருந்தது.

"அது ஸ்ரீராமோட ரூமு. சாவி அவன்கிட்டயே போயிடுச்சி," என்றார் கோவிந்தன், அவள் கேட்காமலே.

வனஜா தண்ணீரைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். இதைச் சொல்லாமல் போய்விட முடிந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தாள். வாசலில் ஜீவா நின்றுகொண்டிருந்தான். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"வண்டிய ஜீவா எடுக்கல. கோவிந்தன் சார்தான் எடுத்தார். இந்த ரூமுக்குள்ள இருக்கு."

"எங்க அப்பாவா?" என்றாள் பானுப்பிரியா.

"செவத்துல இருக்கிறது சைலன்சர் புகை. புள்ள போனது தீபாவளிக்கு முன்னாடி, சுண்ணாம்பு அடிச்சது பொங்கலுக்கு. கறை சுண்ணாம்புக்கு மேல இருக்கு. ஓட்டறதுக்கு எடுக்கிறவன் ஸ்டார்ட் பண்ணதும் கெளம்பிடுவான், செவுரு இவ்ளோ கருக்காது. இது நின்ன இடத்துலயே தெனம் ஓடின இன்ஜின். அதுக்குத்தான் சாவி எப்பவும் வண்டியில, அதுக்குத்தான் புது பேட்டரி. பலகையில இருக்கிறது டயர்லேர்ந்து உதுந்த செம்மண். வெளிய போற வண்டிக்கு வீட்டுப் படியில பலகை எதுக்கு? அப்புறம், சாம்பிராணி செவ்வாய் வெள்ளியில போடுவாங்க. ஞாயித்துக்கிழமை விடிகாலையில எதுக்கு? பெட்ரோல் வாசனைய மறைக்க."

பானுப்பிரியா அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வனஜா தொடர்ந்தாள்.

"இதெல்லாம் எடுத்தது யாருன்னு சொல்லுது. ஏன்னு சொன்னது பூங்காவனம் அம்மா. நேத்து ஒரு நாள்தான் சத்தம் கேக்கலன்னாங்க. நேத்து ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொன்னவ நான்தான். வீட்டுக்குள்ள நொழஞ்சதும் நான் மொதல்ல டிவியப் போடுவேன் சார். பாக்கறதுக்கு இல்ல, சத்தத்துக்கு. அதனாலதான் எனக்குப் புரிஞ்சுது."

கோவிந்தன் இடுப்பிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அறையைத் திறந்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், பாய் விரித்து, அதன் மேல் வண்டி நின்றிருந்தது.

"ஆறு மணிக்கு ஸ்ரீராமு வேல உட்டு வருவான். சத்தம் கேட்டதும் டீ வெப்பேன்," என்றார். "நேத்து நீ சொன்னியேன்னு தொடல. ஆறாச்சி, ஏழாச்சி. ஊடே சாவு ஊடு மாதிரி ஆயிடுச்சிம்மா. நாளைலேர்ந்து தெனம் இப்டித்தானேன்னு இருந்துச்சி."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள் பானுப்பிரியா.

"பண்ணா வேலையா கீறேன்னு சொல்லுவே."

வனஜா ஜீவாவிடம் திரும்பினாள். "உனக்கு முன்னாடியே தெரியும். ஏன் சொல்லல?"

"வண்டி எங்க போச்சுன்னு தெரியாது மேடம். தெனம் ஸ்டார்ட் பண்றதுதான் தெரியும். அத்த எப்டி எல்லார் முன்னாடியும் சொல்றது? பெரிய மனுசன் தனியா உக்காந்து அழுதுகினு இருப்பாரு."

கோவிந்தன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பேர இழுத்தப்போ வாயத் தொறந்திருக்கணும்டா. வெக்கமா இருந்துச்சி. தப்பு பண்ணிட்டேன்."

"வுடு நைனா," என்றான் ஜீவா. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. பானுப்பிரியா போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வனஜா இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். திணறலில்லை, இருமலில்லை. வண்டி சுத்தமாகப் பிடித்துக்கொண்டு அறையே அதிர ஓடியது.

"எடுத்துக்கறேன் சார்," என்றாள். "ஆனா எங்க ஃபிளாட்ல இதுக்கு எடம் குடுக்க மாட்டாங்க. உங்க ஷெட்லயே நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து ஓட்டிக்கறேன். மத்த நாள்ல பேட்டரி எறங்காம நீங்கதான் ஸ்டார்ட் பண்ணி வைக்கணும்."

கோவிந்தன் அவளையே பார்த்தார். "எத்தினி மணிக்கும்மா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்."

மறுநாள் மாலை டியூட்டி முடிந்து வனஜா முகப்பேர் வீட்டைத் திறந்தபோது ஆறு அடிக்கப் போகிற நேரம். கை வழக்கம்போல் டிவி ரிமோட்டைத் தேடிப் போனது. வழியிலேயே நின்றது.

முத்தாபுதுப்பேட்டைச் சத்தம் முகப்பேருக்குக் கேட்காது என்பது சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் டிவியைப் போடாமல், ஷூவைக்கூடக் கழற்றாமல், கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றிருந்தாள். பிறகு உள்ளே போய் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.