முறைக்கும் கணக்கு

இன்னும் வாங்கவே இல்லை; அதற்குள் வாலுவின் சைக்கிள் இரண்டு முறை பலகையாக மாறிவிட்டது.

வாலு தச்சருடைய மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பாவின் கைப்பேசியில் மூன்று வங்கிக் கணக்குகள் இருந்தன. ஒன்று பட்டறைக்கு, ஒன்று வீட்டுச் செலவுக்கு, மற்றொன்று வாலுவின் சைக்கிளுக்கு. மூன்றும் ஒரே சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எறும்பு வரிசை போல எண்கள். மரக்கடையில் பலகைக்குப் பணம் கட்டும் அவசரத்தில் அப்பாவின் விரல் சைக்கிள் கணக்கின்மேல் விழுந்துவிடும்.

“போன மாசம் என் முன்சக்கரம் யார் வீட்டுக் கதவாவோ ஆயிடுச்சு. இந்த மாசம் பின்சக்கரம் அலமாரி!” என்று வாலு உதட்டைப் பிதுக்கினாள்.

“கூலி வந்ததும் திருப்பிப் போட்டுடறேன் கண்ணு.”

“அதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்!”

அவளே ஒரு வழி கண்டாள். கட்டங்களுக்கு நிறம் கொடுத்தாள். வீட்டுக்கு நீலம், பட்டறைக்குப் பச்சை, சைக்கிளுக்குச் சிவப்பு. அவள் ஆசைப்பட்டது சிவப்பு சைக்கிள் அல்லவா?

“இனிமே தப்பவே தப்பாது, பாருங்க!”

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கட்டங்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

மறுநாளே சைக்கிள் பணம் மறுபடியும் மரக்கடைக்குப் போயிற்று.

“குழந்தை இவ்வளவு பளிச்சுன்னு நிறம் போட்டுக் கொடுத்தும் பார்க்கலையா? உங்க கவனமெல்லாம் எங்கேங்க?” என்று அம்மா கேட்டாள். அப்பா அசடு வழியச் சிரித்தார்.

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா வேலை செய்துகொண்டிருந்த பட்டறைக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். எதிரே வண்ண டப்பாக்கள் அடுக்கியிருந்தன. சிவப்பு டப்பாவின் மூடியில் உளியால் கீறிய ஒரு கோடு. பச்சை டப்பாவின் மூடியில் இரண்டு கோடுகள். நீல டப்பாவில் மட்டும் கோடே இல்லை.

“அப்பா, நீலத்துக்குக் கோடு வேண்டாமா?”

“அதுதான் பார்த்தாலே தெரியுமே!” என்றார் அப்பா. சொன்னதும், பலகையை இழைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“அப்போ சிவப்பும் பச்சையும்?”

“ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கண்ணு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீ அவ்வளவு ஆசையா நிறம் போட்டுக் கொடுத்தே. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

வாலுவின் கோபம் போன இடம் தெரியவில்லை. “குடுங்க அந்தப் போனை!” என்றாள்.

இம்முறை நிறங்களுக்குப் பதிலாகப் படங்களை வைத்தாள். பட்டறைக் கணக்குக்கு ரம்பம். வீட்டுக் கணக்குக்கு வாசற்கதவு. சைக்கிள் கணக்குக்கு, கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டி முறைக்கும் வாலு!

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அதான் என் பச்சைக் குடையை விட்டுட்டு யாரோட சிவப்புக் குடையையோ தூக்கிட்டு வந்தீங்களா!” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் அப்பா மரக்கடையிலிருந்து வந்ததும் வாலுவைத் தேடினார். “இன்னைக்கும் விரல் அங்கதான் போச்சு. நீ முறைச்சே பாரு, வெடுக்குனு கையை எடுத்துட்டேன்!”

சில மாதங்களில் பணம் சேர்ந்துவிட்டது. மூவரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

“சிவப்புதானே பாப்பா?” என்று, அவள் அடிக்கடி வந்து பார்த்துப் போவதை அறிந்த கடைக்காரர் கேட்டார்.

வாலு சிவப்பு சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “நீலம் குடுங்க மாமா.”

“சிவப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியேடி!” என்றாள் அம்மா.

“தெருமுனையில திரும்பும்போதே, வர்றது நான்தான்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?”

அப்பா நீல சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு, தேவையே இல்லாமல், இன்னும் இரண்டு முறை அடித்தார்.