தானாகச் சுற்றிய கட்டடம்

பிணத்துக்கு எதிரே, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டடம் சுற்றிக்கொண்டிருந்தது.

மவுஸின் மேல் யாருடைய கையும் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, பூட்டியிருக்க வேண்டிய டிசைன் ஆபீஸில் வாட்ச்மேன் கண்ட காட்சி அது. நாற்காலியில் முதலாளி. கழுத்தில் இறுக்கிய ஒயர்...

மூன்று மணிக்கு, முதலாளியின் தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் இதைச் சொன்னார்.

தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கை கால்களெல்லாம் வேறு யாருடையவோ போல மரத்துக் கிடந்தன.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல சார். அதைச் சுத்தினது நான்தான்" என்றான் அவள் கணவன்.

மச்சானிடமே வரைபட வேலை பார்ப்பவன். வீட்டிலிருப்பதோ பன்னிரண்டு வருஷத்துக் கிழ லேப்டாப். ஒரு கட்டடத்தைத் திறந்தால் படுத்துவிடும். அதனால் ஆபீஸிலிருக்கும் ராட்சஸ மெஷினை இன்டர்நெட் வழியாக இங்கிருந்தே ஓட்டுவானாம். பாரமெல்லாம் அங்கே, படம் மட்டும் இங்கே. இங்கே அழுத்தினால் அங்கே வேலை நடந்து, படம் திரும்பி வர நாலு விநாடி.

"பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல சார். மெஷின்லயே பதிவாகியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தாயிற்றாம். இணைப்பு இந்த வீட்டிலிருந்துதான். நடுவில் அறுபடவே இல்லை. டாக்டர் சொல்வதோ, உயிர் போனது பதினொரு மணி சுமாருக்கு.

"அப்ப உங்க மிஸஸ்?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் வாயால எப்படி சார் சொல்றது... அண்ணனைப் பார்க்கப் போறேன்னு ஒன்பதரைக்கே கிளம்பிட்டா."

பச்சைப் பொய்!

கிளம்பியது அவன். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, கடைக்குப் போய் வருகிறேன் என்றான். பத்து நிமிஷம் சும்மா விட்டால் லைன் கட் ஆகிவிடும், திரும்பி வரும்வரை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டே இரு என்று அவளை உட்கார வைத்தான். மூன்று மணி நேரம் சுற்றினாள். அந்தத் திரைக்கு முன்னால் அண்ணன் செத்துக்கிடந்தபோதும் சுற்றினாள்.

கட்டிய புருஷன், கொன்றுவிட்டு வந்ததோடு நிற்காமல் பழியையும் அவள் தலையில் கட்டப் பார்க்கிறான்.

"வீட்ல இருந்தது நான். சுத்தினதும் நான். இவர்தான் வெளியே போனார்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இவளுக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது சார்."

சாட்சி வேறு யாருமில்லை. வீட்டில் இருந்தவர் தப்பினார். வெளியே போனவர் கொலைகாரர். அவ்வளவுதான் கேஸ்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். இந்த மாதிரி வேலையெல்லாம் தான் பார்த்ததே இல்லை, அந்தக் கட்டடப் படத்தில் ஒரு கதவு வைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

கணவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, சாய்ந்து விழும் திரைக்குப் பின்னால் டிக்‌ஷனரியை முட்டுக்கொடுத்தான். கட்டடத்தைக் கொண்டுவந்தான். ஒரே ஒரு தடவை அழுத்தினான். கையைக் கட்டிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னொரு தடவை அழுத்துங்களேன்."

"கூடாது சார். படம்தான் லேட்டா வரும், அழுத்தினது அப்பவே போயிடும். பதறிப்போய் அழுத்தினா அத்தனை கதவும் வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கும். புதுசா வர்றவங்க செய்யற தப்பு. நாலு வருஷத்துல நான் ஒருநாளும் செஞ்சதில்ல."

கதவு வந்தது. ஒன்றே ஒன்று.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"காலையில கதவு ஏதாவது வச்சீங்களாம்மா?"

"மூணாவது மாடியில ஒண்ணு வைக்கச் சொன்னார். அழுத்தினேன், வரல. மறுபடி மறுபடி அழுத்தினேன்... எத்தனை தடவைன்னு தெரியல. அப்புறம் ஒரு கதவு வந்துது."

"பார்க்கத்தான் ஒண்ணு." இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஆபீஸின் சீனியர் டிசைனர், அந்த மெஷினைச் சோதித்து எழுதிக்கொடுத்தது. "பதினொண்ணு அஞ்சுக்கு, மூணாவது மாடியில, ஒரே இடத்துல ஒன்பது கதவு. இதை வச்சவருக்கு இந்த லேப்டாப் பழக்கமே இல்லை."

கணவன் திரையையே பார்த்தான். விரல் தன்னையறியாமல் மவுஸை அழுத்தியது. டக்... டக்... டக்...

"அந்த டிசைனர் இன்னொண்ணும் சொன்னார். நீங்க ஆஸ்பத்திரி பிளானை வேற கம்பெனிக்குக் குடுத்ததை உங்க மச்சான் கண்டுபிடிச்சிட்டாரு. இல்ல?"

கணவன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. தான் பிழைத்துவிட்டோம் என்பது புரிந்தது. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்பதும் புரிந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கூட வந்திருந்த கான்ஸ்டபிள் அவன் கையில் விலங்கை மாட்டினார். கணவனின் பார்வை வாசல் பக்கம் ஓடி, அங்கே நின்ற இன்னொரு கான்ஸ்டபிள்மேல் முட்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒன்பது கதவு இருந்தும் தப்பிக்க ஒண்ணுகூட உதவல பாருங்க. வாங்க சார், எங்ககிட்ட ஒரே கதவுதான்... கம்பி போட்டது."